மதாம் து தெஃபான்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் சலோன் நடத்திய மதாம் து தெஃபானைப் பற்றிச் சென்ற முறை இரண்டு வரி எழுதப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, சலோன் என்றாலே எனக்கு முடிவெட்டும் கடைதான் ஞாபகம் வருகிறது. இது என்ன சலோன்?

தப்பே இல்லை, இரண்டும் ஒரே சொல்தான். பிரெஞ்சில் சலோன் என்றால் வீட்டின் வரவேற்பறை. அந்தச் சொல்தான் ஆங்கிலம் வழியாக நம் ஊருக்குக் கத்திரியோடு வந்து சேர்ந்தது. பாரிஸில் வசதியான பெண்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வீட்டைத் திறந்து வைத்து, எழுத்தாளர், பிரபு, பாதிரியார், வெளிநாட்டுத் தூதர் என்று பலரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். சாப்பாடு அதற்கு ஒரு சாக்கு. பேச்சுதான் விஷயம்.

இவர் பரம்பரைச் சீமாட்டியா, பணம் சேர்ந்த பிறகு வந்தவரா?

பரம்பரைதான். பர்கண்டிப் பக்கம் பழைய பிரபுக் குடும்பம், படித்தது பாரிஸில் ஒரு கன்னிமாடத்தில். சிறுமியாக இருக்கும்போதே மதத்தைப் பற்றி ஏடாகூடமாகக் கேட்கிறாள் என்று, அன்றைய பெரிய பிரசங்கியார் மசியோனைக் கூட்டிவந்து பேச வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் பேசிப் பார்த்துவிட்டு, ‘மலிவான ஞானோபதேசப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். 1718-இல் உறவுக்காரரான ஒரு மார்க்கியோடு (அது ஒரு பிரபுப் பட்டம்) கல்யாணம். சில வருடங்களிலேயே பிரிந்துவிட்டார்கள். அப்புறம் சிறுவனான ராஜாவுக்குப் பதிலாக நாட்டை ஆண்ட ரீஜெண்டோடு கொஞ்ச நாள் பழக்கம், நீதிபதி எனோவோடு நீண்ட காலத் தோழமை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கன்னிமாடத்திலேயே சலோன் நடத்தினார் என்று படித்தேன். எப்படி முடியும் மேடம்?

அங்கே அது சகஜம். விதவைகள், கணவனைப் பிரிந்த பெண்கள் இவர்களுக்கெல்லாம் கன்னிமாடங்கள் தனிப் பகுதிகளை வாடகைக்கு விட்டன. 1747-இல் இவர் செயிண்ட் டொமினிக் தெருவில் இருந்த செயிண்ட் ஜோசப் கன்னிமாடத்தில் குடியேறினார். பதினான்காம் லூயியின் காதலி மதாம் த மொந்தெஸ்பான் ஒரு காலத்தில் வைத்திருந்த அறைகள் அவை. சுவரெல்லாம் மஞ்சள் பட்டு, அதில் தீச்சிவப்பு ரிப்பன் முடிச்சுகள். தலைக்கு மேல் கூரைபோல் கவிந்த முதுகு கொண்ட ஒரு நாற்காலியில் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பீப்பாய்’.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1754 வாக்கில் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அந்த மஞ்சள் அறை வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. அவருக்கு அது குரல்களாக மட்டும் இருந்தது. ஒருவர் பேசும் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆள் போலியா இல்லையா என்று எடைபோட அவரால் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கடிதங்களைச் சொல்லச் சொல்ல எழுதியவர் வியார் என்ற உதவியாளர்.

உண்மையிலேயே செல்வாக்கு இருந்ததா, இல்லை வெறும் விருந்தா?

ஒரு உதாரணம் போதும். தலம்பேர் பெரிய கணித மேதை, அறிவொளி இயக்கத்தின் பெரிய கூட்டு முயற்சியான கலைக்களஞ்சியத்தில் எழுத்தாளர் திதெரோவுக்குக் கூட்டாளி. ஆனால் பிறந்ததும் தேவாலயப் படிக்கட்டில் விடப்பட்ட குழந்தை. (விட்டுப் போன தாய் மதாம் த தான்சேன். அவரும் பின்னாளில் புகழ்பெற்ற சலோன் நடத்தியவர்தான்!) குடும்பப் பெயரே இல்லாத அந்த மனிதர் 1754-இல் நாற்பதே இடங்கள் கொண்ட பிரெஞ்சு மொழி, இலக்கிய அவையான பிரெஞ்சு அகாதமிக்குள் நுழைந்ததற்குப் பின்னால் தெஃபானின் முயற்சி இருந்தது. எனோ ஏற்கெனவே அகாதமி உறுப்பினர். யாரிடம் எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று தெஃபானுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அகாதமியில் இடம் கிடையாது. உள்ளே போகிற ஆளைத் தேர்ந்தெடுக்கிற இடம் மட்டும் இருந்தது.

அப்படியானால் அறிவொளி இயக்கத்தின் தாய் என்று இவரைச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது! மதத்தையும் பழைய வழக்கங்களையும் பகுத்தறிவால் கேள்வி கேட்ட அந்த எழுத்தாளர் கூட்டமே இவருக்குப் பிடிக்காது. மதத்தில் நம்பிக்கை இல்லை, சரி. ஆனால் உலகத்தைத் திருத்தப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் மீதும் நம்பிக்கை இல்லை. அந்தக் கூட்டத்தின் தலைவர் போன்ற எழுத்தாளர் வால்டேரோடு பல வருடம் கடிதத் தொடர்பு உண்டு. அவரிடமே உங்கள் சீடர்கள் சலிப்பூட்டுகிறார்கள் என்ற பாணியில் எழுதுவார். அரசியல் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவின் ‘சட்டங்களின் சாரம்’ 1748-இல் வந்தபோது, பிரெஞ்சில் சாரத்துக்கும் சாமர்த்தியப் பேச்சுக்கும் ஒரே சொல் என்பதை வைத்து, ‘இது சட்டங்களைப் பற்றிய சாமர்த்தியப் பேச்சு’ என்று ஒரே வெட்டில் முடித்தார். பழைய பிரபுக்களின் ரசனை அது: அழகாகச் சொல், சுருக்கமாகச் சொல், உபதேசம் பண்ணாதே. நம்பாமலேயே கதவைத் திறந்து வைத்தவர் என்பதுதான் என் கணக்கு.

ஜூலி த லெஸ்பினாஸ் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அக்கா. யார் பக்கம் நியாயம்?

இதை எத்தனை தடவை படித்தாலும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

ஜூலி ஒரு சீமாட்டிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பெண். தகப்பன் தெஃபானின் சொந்தச் சகோதரர்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் ஜூலிக்கு இவர் அத்தை. பார்வை போன சமயம், 1754-இல், துணைக்கென்று அழைத்து வந்தார். வாசித்துக் காட்டுவது, விருந்தினரைக் கவனிப்பது, விடிய விடிய விழித்திருக்கும் எஜமானியோடு தானும் விழித்திருப்பது என்று பத்து வருடம் ஓடியது.

தெஃபான் மாலையில்தான் எழுந்திருப்பார். தலம்பேர், துர்கோ போன்றவர்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து ஜூலியின் சின்ன அறையில் கூட ஆரம்பித்தார்கள். கிழவி எழுவதற்குள் அன்றைய நல்ல பேச்செல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். 1764-இல் விஷயம் தெரிந்தது. தன் வீட்டிலேயே தனக்குத் தெரியாமல் இன்னொரு சலோன்! ஜூலி வெளியே போனார். நானா அவளா என்று கேட்டபோது தலம்பேர் ஜூலியைத் தேர்ந்தெடுத்தார். இன்னொரு பெரிய சலோன்காரி மதாம் ஜொஃப்ரேன் பணம் கொடுத்துத் தூக்கிவிட, அருகிலேயே ஜூலி தன் சலோனைத் தொடங்கினார். கலைக்களஞ்சியக்காரர்கள் கூட்டமாக அங்கே போனார்கள். 1776-இல் ஜூலி இறந்த செய்தி வந்தபோது, முன்பென்றால் எனக்கு இது பெரிய சம்பவமாக இருந்திருக்கும், இன்று ஒன்றுமே இல்லை என்று தெஃபான் எழுதினார். ஒன்றுமே இல்லாததை யாரும் கடிதத்தில் எழுத மாட்டார்கள்.

அவர் சொன்ன பழமொழி ஏதாவது இன்றும் வழக்கில் இருக்கிறதா?

இருக்கிறது. வெட்டப்பட்ட தன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு புனித தெனி வெகு தூரம் நடந்தார் என்று ஒரு கர்தினால் வியந்து சொன்னாராம். தூரம் பெரிதில்லை, முதல் அடிதான் கஷ்டம் என்றார் இவர். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், தலை கதையை மறந்துவிட்டு.

எழுபது வயதில் காதலா? நிஜமா மேடம்?

நிஜம். 1765-இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவருக்கு 48, இவருக்கு எழுபதை நெருங்குகிறது. முகத்தைப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு சாகும் வரை இவர் எழுதிய கடிதங்களில் 800-க்கு மேல் இன்றும் இருக்கின்றன. வால்போலுக்குப் பாசம் இருந்தது, பயம் அதைவிட அதிகம். தபாலைப் பிரித்துப் படிக்கிற காலம். கிழவியின் காதலன் என்று ஊர் சிரிக்குமே என்று அடிக்கடி கடிந்துகொள்வார், தன் கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொள்வார். 1780-இல் கடைசிக் கடிதத்தை எழுதும்போது வியார் அழுதுவிட்டாராம். ‘அப்படியானால் உனக்கு என்மேல் அன்பு உண்டா?’ என்று கேட்டார் தெஃபான். கூடவே இருந்த மனிதரிடம் கேட்டது இது.

சொத்து யாருக்குப் போனது?

காகிதங்கள் வால்போலுக்கு. கூடவே தோந்தோன் என்ற நாயும். பாரிஸில் வந்தவர்களையெல்லாம் கடித்துப் பேர் வாங்கிய நாய் அது. இங்கிலாந்தில் வால்போல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அங்கிருந்த பூனையை விரட்டிவிட்டது.