பனிக்குட நீர் அதிகம் என்கிறார்கள், என்ன செய்வது?

ஸ்கேனில் நீர் கூடுதல் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாபேட்டை: 32 வாரம். ஏ.எஃப்.ஐ. 27 என்று ரிப்போர்ட். ஆபத்தா டாக்டரம்மா?

பயப்படாதே கண்ணு, இது லேசான கூடுதல்தான். கர்ப்பப்பையை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டிய சென்டிமீட்டர் கணக்குதான் ஏ.எஃப்.ஐ. 24, 25-ஐத் தாண்டினால் அதிகம் என்போம். சில இடங்களில் ஆழமான ஒரே இடத்தை மட்டும் அளப்பார்கள். அதில் 8-ஐத் தொட்டாலே அதிகம், 16-க்கு மேல் கடுமை. உன் சுகர் டெஸ்ட் எப்போது எடுத்தது? நான்காம் மாதத்தில் நார்மல் என்று வந்திருந்தாலும் இப்போது மறுபடி எடு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

ஓமலூர்: தண்ணீர் நிறையக் குடித்ததால்தான் என்று மாமியார் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்.

சொம்பை வாங்கிக் குடிம்மா. பாதி கர்ப்பத்துக்கு மேல் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். குழந்தை அதையே விழுங்கும், மறுபடி சிறுநீராக விடும். விழுங்குவது குறைந்தாலோ, சிறுநீர் கூடினாலோ நீர் ஏறும்.

விழுங்க முடியாமல் போவது எப்போது? உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருந்தால், சிறுகுடலின் தொடக்கம் மூடியிருந்தால் (ஸ்கேனில் வயிற்றுக்குள் இரண்டு குமிழி தெரியும்), மூளை வளராதிருந்தால், தசை பலவீனமாக இருந்தால். சிறுநீர் கூடுவதற்கு முதல் காரணம் அம்மாவின் சுகர். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் ஏறுகிறது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒருவருக்கு ரத்தம் அதிகமாகப் போனாலும் இப்படி ஆகும். அம்மாவுக்கு நெகட்டிவ் குரூப் என்றால் குழந்தைக்கு ரத்தசோகை வந்து நீர் ஏறலாம். சில கிருமித் தொற்று, நஞ்சுக்கொடியில் கட்டி, மனநோய்க்கான லித்தியம் மாத்திரையும் காரணமாகலாம். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். இத்தனையும் தேடிய பிறகு, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை.

ஆத்தூர்: என் தங்கச்சி தண்ணீரைக் குறைத்தாள், 26 இருந்தது 21 ஆனது. நீங்கள் சொல்வது சரியில்லை.
அயோத்தியாப்பட்டணம்: அண்ணன் சொல்வதுதான் நியாயம். நீர் குறைவு என்றால் மட்டும் 'நிறையக் குடி' என்கிறீர்களே?

நல்ல கேள்வி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீர் குறைந்தவர்கள் தண்ணீர் குடித்தால் கொஞ்சம் கூடுவது உண்மை. உடம்பு வறண்டிருப்பவருக்கு அது உதவும். அதைத் திருப்பிப் போட்டால் வைத்தியம் ஆகாது. லேசான கூடுதல் தானாகவே இறங்குவது சகஜம். குழந்தை புரண்டு படுத்தாலே அளவு மாறும், அளப்பவர் மாறினாலும் மாறும். தங்கச்சிக்கு இறங்கியதில் சந்தோஷம் தம்பி, ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் கர்ப்பிணி தாகத்தோடு கிடந்தால் சிறுநீர்த் தொற்று வரும், அதைத் தொடர்ந்து குறைமாத வலியும் வரலாம்.

செவ்வாய்ப்பேட்டை: ஜவ்வரிசிக் கஞ்சி, மல்கோவா சாப்பிட்டதாலா?

நேரடியாக இல்லை. சுகர் இருந்தால் இரண்டையும் குறையுங்கள்.

நாகலூர், ஏற்காடு: மனைவிக்கு 35 வாரம், நீர் ரொம்ப அதிகம். வலி வந்ததும் கீழே கூட்டிவந்தால் போதுமா?

போதாது தம்பி. இந்த வாரமே கீழே அழைத்து வாருங்கள். நீர் அதிகமாக இருந்தால் குழந்தையின் தலை இடுப்பில் பொருந்தாமல் மிதக்கும். பனிக்குடம் உடைந்து நீர் பாயும்போது தொப்புள் கொடி முன்னால் நழுவி நசுங்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அது நடந்தால் நிமிடங்கள் போதாது. அதற்குள் உடைந்துவிட்டால் நடக்க விடாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். இடதுபுறம் சாய்த்துப் படுக்கவைத்து இடுப்பு உயர்ந்திருக்கும்படி அதற்கு அடியில் தலையணைகளை வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். கொடி வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம். அளவுக்கு மீறி விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்காமல் ரத்தம் கொட்டும், அதனால் ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிதான் வேண்டும்.

அஸ்தம்பட்டி: குழந்தை பிறந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

சேனை வைக்காதீர்கள், சீனித் தண்ணீரை நாக்கில் தொடாதீர்கள். முதல் பாலுக்கு முன்பே மெல்லிய குழாய் விட்டு உணவுக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்து பால் கொடுத்துவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிமார் ஆசையாகத் தேன் கொண்டுவந்தாலும் தடுத்துவிடுங்கள்.

மேட்டூர்: ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாமா?

மூச்சுத் திணறும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் மட்டும். லேசானதற்கு இல்லை.

எடப்பாடி: நீர் அதிகம் என்றால் பையனா?

இதைக் கேட்காதீர்கள். நீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்டுபிடித்துச் சொல்வதும் சட்டப்படி குற்றம்.

வாழப்பாடி: தண்ணீரைக் குறைக்கலாமா மேடம்?

ஓமலூருக்கும் ஆத்தூருக்கும் சொன்ன பதில்தான். குறைக்காதீர்கள்.

ஓமலூர் (இன்னொருவர்): லேசான கூடுதல், சுகர் இல்லை, குழந்தையும் நலம். 37 வாரத்திலேயே வலி வரவழைக்கலாம் என்கிறார்கள்.

வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் 39 வாரம் வரை காத்திருக்கலாம். ஏன் அவசரம் என்று உங்கள் டாக்டரிடம் நேரிலேயே கேளுங்கள். பிரஷர், குழந்தையின் எடை, பழைய பிரசவம் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.