நடுவில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் தொலைநோக்கி பழுதில்லை

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி, பத்தாம் தரம் படிக்கும் மகளுக்கென்று ஒரு தொலைநோக்கி வாங்கி அனுப்பியிருக்கிறார். 76 மில்லிமீற்றர் ஆடி, 700 மில்லிமீற்றர் குவியத் தூரம், எடைக்கல் தொங்கும் தாங்கி. கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுகள் 20, 12.5, 4 மில்லிமீற்றர் என்று மூன்று. உருப்பெருக்கத்தை மும்மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்று. பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாக அச்சடித்திருக்கிறதாம். ஒரு கிழமையாக முயன்றும் இருட்டுத்தான். ஒரேயொரு நாள் வெளிறிய வட்டமும் அதன் நட்டநடுவில் கறுப்புப் பொட்டும், பொட்டிலிருந்து ஓரத்துக்கு ஓடும் கோடுகளும் தெரிந்தன. டவுனில் சாமான் வாங்கி விற்கும் ஒருவர், “ஆடியில ஓட்டை விழுந்திட்டுது, பத்தாயிரம் தாறன், மேல காசு போட்டால் நல்லதொண்டு எடுத்துத் தாறன்” என்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். உங்கள் ஆடியில் ஓட்டை இல்லை.

குழாயின் வாய்ப்பக்கம் எட்டிப் பாருங்கள். நடுவில் சாய்வாக ஒரு சின்ன ஆடி நிற்கும். அடியில் இருக்கும் பெரிய ஆடி திருப்பி அனுப்பும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் தள்ளிவிடுவது அதுதான். நீங்கள் பார்த்த பொட்டு அதன் நிழல், கோடுகள் அதைப் பிடித்திருக்கும் தகடுகளின் நிழல். குவியம் பிடிபடாதபோது இந்த வகைத் தொலைநோக்கி எல்லாவற்றிலும் இப்படித்தான் தெரியும். குவியத் திருகை மெல்லத் திருகுங்கள். வட்டம் பெருத்தால் மற்றப் பக்கம் திருகுங்கள். சிறுத்துச் சிறுத்துப் போய் ஊசிமுனைப் புள்ளியாக நின்றால் அதுதான் நட்சத்திரம். பொட்டு நடுவிலேயே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டு ஆடிகளும் ஏறத்தாழ நேராகவே நிற்கின்றன என்று அர்த்தம். கனடாவிலிருந்து கப்பலேறி வந்த பெட்டிக்கு இது நல்ல நிலை.

பழுது என்று சொல்லி அரை விலைக்கு எடுப்பது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைக்கு வருகிறது, வீட்டில் யாருக்கும் பூட்டத் தெரியாது, ஒரு மாதம் மூலையில் கிடக்கிறது, அப்புறம் இப்படி ஒருவர் வருகிறார். கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்குப் பூட்டிக்கொடுக்கப் போனேன். புதுச் சாமான் என்று வாங்கியிருந்தார்கள். பெட்டியைத் திருப்பினேன், அடிப்பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயரும் வகுப்பும் நீல மையில் எழுதிக் கிடந்தன. அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஆடி பழுதென்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் பூட்டிய அன்றிரவே அதில் சந்திரனின் பள்ளங்கள் துல்லியமாகத் தெரிந்தன.

சரி, அப்படியானால் ஏன் இருட்டு? பெட்டியிலிருக்கும் அந்த 525தான் காரணம்.

உருப்பெருக்கம் என்பது வெறும் வகுத்தல் கணக்கு, ஆடியின் குவியத் தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத் தூரத்தால் வகுப்பது. 700ஐ 20ஆல் வகுத்தால் 35 மடங்கு. 12.5ஆல் வகுத்தால் 56. 4ஆல் வகுத்தால் 175, அதோடு பார்லோவையும் போட்டால் 525. கணக்கு பிழையில்லை, ஆனால் ஒளி போதாது. ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம் அதன் ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் அளவு. உங்களுடையதற்கு 150 சொச்சம். 35லிருந்து 525க்குப் போனால் 15 மடங்கு பெருக்கிறது, அதே ஒளி 225 மடங்கு பரப்பில் பரவுகிறது. எண்ணெய் குறைந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு முழு மண்டபத்துக்கும் வெளிச்சம் காட்டப் பார்ப்பது போல. அதோடு பூமி சுற்றுகிற வேகத்தில், அந்தப் பெருக்கத்தில் அநேகமாக எந்த நட்சத்திரமும் இருபது விநாடி அளவில் பார்வையை விட்டு ஓடிவிடும். தேடுகிற உங்களுக்கு அது அகப்படவே அகப்படாது.

இதிலே எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியலில் வானியல் தொலைகாட்டி ஒரு பாடம். ஒரு குவியத் தூரத்தை மற்றதால் வகு என்ற சூத்திரத்தைப் பிள்ளைகள் நித்திரையிலும் சொல்லுவார்கள். கடந்தகால வினாத்தாள்களில் எத்தனை தரம் செய்திருப்பார்கள்! ஆனால் அந்தப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலேயே 525 மடங்குப் பெட்டி விலைப்படுகிறது. கருவியைக் கையால் தொடாமலே மூன்று பாடத்திலும் ஏ எடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நல்ல தொலைநோக்கி ஒன்று அலுமாரியில் இருந்தது. பொருட்பதிவேட்டில் ஏறிய சாமான், உடைந்தால் யார் கட்டுவது என்ற பயத்தில் திறப்பைத் தரவே மாட்டார்கள். ஒருவழியாகத் திறந்தபோது வில்லையில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒரு பிள்ளைகூட அதற்குள்ளால் பார்த்ததில்லை.

ஆகவே 4 மில்லிமீற்றர் துண்டையும் பார்லோவையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மகள் 20 மில்லிமீற்றரோடு மூன்று மாதம் பழகட்டும். அதற்குப் பிறகு 12.5. பெட்டியில் சூரியனைப் பார்ப்பதற்கென்று திருகிப் பூட்டும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஏதும் இருந்தால் அதை இன்றைக்கே உடைத்து எறிந்துவிடுங்கள். ஆடி குவிக்கிற வெயில் முழுதும் அந்தக் கண்ணாடியில்தான் விழும். சூட்டில் அது வெடித்தால் கண்ணை எடுக்க நேரம் இராது. 2010லும் 2019லும் வளையக் கிரகணம் வடக்கின் மேலாகப் போனது, 2031 மே மாதம் திரும்பவும் இலங்கையில் கிரகணம் தெரியும். அப்போதும் இந்தத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

இன்னொன்று. குழாயின் வாய்மூடியில் சின்ன மூடியொன்று தனியாகக் கழரும். நிறையப் பேர் அதை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். 76 மில்லிமீற்றர் ஆடியை வைத்துக்கொண்டு கொட்டைப்பாக்களவு ஓட்டையால் பார்க்கிற கதை. முழு மூடியையும் கழற்றுங்கள்.

அடுத்தது குறிகாட்டி, குழாயின் மேலே பூட்டும் சின்னக் குழாய். இதை இரவில் சரிசெய்ய முனைந்ததால்தான் ஒரு கிழமை வீணாகியிருக்கிறது. பின்னேரம் நாலரை ஐந்து மணிக்கு, வெயில் முதுகில் படும்படி நின்று, கிழக்கே ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் தெரியும் தொலைபேசிக் கோபுரத்தையோ தனிப்பனையின் வட்டையோ 20 மில்லிமீற்றர் துண்டால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாகத்தான் தெரியும், அது பழுதில்லை. தாங்கியை இறுக்குங்கள். பிறகு குறிகாட்டியின் திருகுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி அதே கோபுர நுனியை அதன் நடுவுக்கும் கொண்டுவாருங்கள். இவ்வளவுதான். அன்றிரவே சந்திரன் அகப்படும்.

இனித் தாங்கி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். கையேட்டிலும் காணொளிகளிலும் சொல்வது எங்களுக்குப் பொருந்தாது. தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கு என்று சொல்லியிருக்கும். ரொறன்ரோவில் அது சரி, அங்கே துருவ நட்சத்திரம் கிட்டத்தட்ட 44 பாகை உயரத்தில் நிற்கும். ஒட்டுசுட்டானில் 9 பாகை. கையை நீட்டி முட்டி பிடித்துத் தொடுவானத்தில் வைத்தால் முட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே. உங்கள் பக்கத்தில் அந்த உயரம் முழுக்கப் பாலை மரமும் முதிரை மரமும்தான், நட்சத்திரத்தைக் காணவே மாட்டீர்கள். கண்டாலும் இந்த விலைத் தாங்கிகள் பல அவ்வளவு தாழக் குனியமாட்டா. குனிந்தால் எடைக்கல் கம்பி முக்காலியின் காலில் முட்டும். நீங்கள் பலமாகத் திருகினால் திருகு உடையும். அதனால் துருவ நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். உங்கள் தாங்கி இடம் கொடுக்குமென்றால் பாகை அளவுகோலை 90இல் வைத்து அச்சை நேரே நிமிர்த்திவிடுங்கள். அப்போது ஒரு திருகு இடம்வலமாகவும் மற்றது மேல்கீழாகவும் ஆட்டும், பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். 90 வரை போகாதென்றால், இதற்கு மாறாக, முட்டாத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, திசைகாட்டியால் வடக்கைப் பார்க்க வையுங்கள். பிசகு இருக்கும். 35 மடங்கில் அந்தப் பிசகு கண்ணுக்கே தெரியாது. நடுவில் நிற்கிற மாதிரி 45இலோ 50இலோ விட்டுவிடுவதுதான் கூடாது. எந்தப் பக்கம் திருகினாலும் சரிவாக ஓடும், பிள்ளைக்கு வெறுத்துப்போகும்.

முக்காலியின் கால்களை நீட்டாதீர்கள், கதிரையில் இருந்து பார்க்கலாம். நடுவில் மண் நிரப்பிய போத்தலொன்றைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். சீமெந்து முற்றத்திலும் தகரக் கூரைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். பகலில் குடித்த சூட்டை அவை இரவில் கக்கும், படம் தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். மண் முற்றம் நல்லது. அரை மணித்தியாலம் முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். ஆனால் வெளிச்சத்துக்குப் பயந்து காட்டுக்கரைக்குப் போகாதீர்கள். யானை வரும் பக்கம் அது. கண்ணிவெடிப் பலகை நின்ற காணிகளுக்கு இரவில் போவது நினைத்தும் பார்க்கக்கூடாதது. உங்கள் சொந்த முற்றத்து இருட்டே கொழும்பில் யாருக்கும் கிடைக்காத இருட்டு. ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி கொழும்புக்குப் பக்கத்து மொறட்டுவையில் இருக்கிறது, பால்வீதி துலக்கமாகத் தெரிகிற வானம் வன்னியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அயலட்டைக்கும் கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முக்காலியில் குழாயைக் கண்டால் இன்னமும் யாராவது விசாரிக்க வருவார்கள்.

முதல் நாள் சந்திரன். பறுவத்தன்று வேண்டாம், அன்று நேரே வெளிச்சம் விழுவதால் நிழலே இராது, வெள்ளைத் தட்டுத்தான். வளர்பிறை ஏழு எட்டில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்களின் விளிம்பு தனித்தனியாக எழும்பி நிற்கும். பிறகு வியாழன், அருகில் நாலு நிலவுகள் வரிசையாக, ஒவ்வொரு இரவும் இடம் மாறி. அப்புறம் கார்த்திகைக் கூட்டம். பங்குனி சித்திரையில் வடக்கே சப்தரிஷி மண்டலம் ஏறும். கலியாண வீட்டில் ஐயர் பகலில் காட்டும் அருந்ததி அங்கே வசிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 12.5ஐப் போட்டுப் பார்த்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். மாசியிலிருந்து சித்திரை வரை வானம் வாய்க்கும். சோளகக் காற்று எழும்பினால் முக்காலி நிற்காது, ஐப்பசிக்குப் பிறகு மழை.

ஆடியில் தூசி கண்டால் துடைக்காதீர்கள், யாரிடமும் துடைக்கக் கொடுக்கவும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம், இதற்கு முன்பக்கம். என் முதல் தொலைநோக்கியை வவுனியாவில் ஒரு கடையில் கொடுத்தேன். ஸ்பிரிட்டும் துணியும் போட்டு அழுத்தித் துடைத்துத் தந்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால், சாம்பல் போட்டு விளக்கிய செம்பு மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல், பணமும் எடுத்துக்கொண்டார்கள். தூசியோடேயே நன்றாகத் தெரியும். பார்த்து முடிந்ததும் பனி காய விட்டு, மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு பெட்டியில் வையுங்கள்.

டவுன்காரர் திரும்பக் கேட்டால், வரும் வளர்பிறை எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். மகள் குவியம் பிடித்துக் காட்டட்டும்.