தோட்டத்து நிலத்தில் சோலார் பண்ணை: ஊர் மக்களிடம் எப்போது, எப்படிப் பேசுவது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய செம்பனை நிலத்தில் 30 மெகாவாட் சோலார் பண்ணை போட நினைக்கிறீர்கள். ஊரை எப்படி அணுகுவது என்பது கேள்வி.

வரைபடம் முடிவாவதற்கு முன்பே போங்கள். ஒரு மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் பிடிக்கும். மொத்தம் 100 ஏக்கரைத் தாண்டும். அதற்குள் கோயில், இடுகாடு, மாடு மேயும் பாதை எல்லாம் வந்துவிடும். பல தோட்டக் கோயில்களுக்குத் தனி கிராண்ட் (நிலப் பட்டா) கிடையாது. கோயில் தலைவரோடும் பழைய மண்டோரோடும் (தோட்டத்து மேற்பார்வையாளர்) நடந்துபோய், மரத்தடி முனியாண்டி கல்லைக்கூடக் குறித்துக்கொள்ளுங்கள். அதை டோசர் தள்ளிய பிறகு எந்தக் கூட்டமும் உதவாது.

கூட்டம் சாயங்காலம், கோயில் மண்டபத்தில். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களையும் அழையுங்கள்.

பெரிய சண்டை தண்ணீரால்தான் வரும். மரங்களை ஒரே மூச்சில் வெட்டினால் முதல் கனமழையிலேயே செம்மண் கரைந்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) கால்வாயை அடைத்துவிடும். முதலில் வண்டல் தேங்கும் குளம், பிறகு பகுதி பகுதியாக வெட்டு, உடனே புல்.

விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மாநில அனுமதி வேண்டும். துணைமின்நிலையத்தில் இந்த மின்சாரத்தை ஏற்க இடமுண்டா என்று மின்சார நிறுவனமான தெனாகாவிடம் முன்பே கேளுங்கள்.

"எங்க கரண்ட் பில் குறையுமா?" என்பார்கள். தானாகக் குறையாது, மின்சாரம் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, போகிறது என்று சொல்லிவிடுங்கள். கட்டி முடித்த பின் நிலைக்கும் வேலை புல்வெட்டு, பேனல் கழுவல், காவல் என்று சில பேருக்குத்தான், அதையும் மறைக்காதீர்கள்.