அரிவாள்மனைக்கு ஒரு கிளெயிம்

வணக்கம் மேடம்,

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். எம்.எஸ்ஸி., வயது 31. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வை எழுத ஆசை. சட்டம் படிக்காதவள் எழுதலாமா? பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசச் சொன்னால் வாய் வராது. கோச்சிங் சென்டரில் கட்டணத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். வீட்டிலிருந்தே படித்துத் தேற முடியுமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாக எழுதலாம். காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கேட்பது இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ ஒரு பட்டம், அப்புறம் இந்தத் தேர்வில் தேர்ச்சி. சட்டப் பட்டம் கேட்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், வழக்கறிஞர்களுக்குத்தான் இதில் தகராறு வந்தது. அவர்களுக்கு இருந்த தேர்வு விலக்கை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட, அது செல்லாது என்று 2013ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ஏஜென்ட் ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முன்னால் வாதாடலாம். மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றம் போனால் அங்கே வழக்கறிஞர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டு தாள், தலா 100 மதிப்பெண், பிறகு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. தாளுக்குக் குறைந்தது 50 வேண்டும். ஆனால் மொத்தத்தில் 60 சதவீதம் வந்தால்தான் பாஸ். 'ரெண்டிலும் அம்பது எடுத்துட்டேனே' என்று நொந்துகொண்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

முதல் தாள் சட்டமும் விதிகளும். வேதியியல்காரருக்கு இது பயமே இல்லை. தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்த தலைக்கு, எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று அடுக்கும் மூன்றாம் பிரிவு எம்மாத்திரம்? அதிலும் 3(டி) உங்கள் சொந்த ஊர் மாதிரி. தெரிந்த மருந்தின் புது உப்பு, புதுப் படிக வடிவம் என்று வந்தால், மருந்தின் பலன் கூடியதைக் காட்டச் சொல்லும் பிரிவு. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 2013ல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது இதில்தான். பழைய கைடை மட்டும் நம்பாதீர்கள். காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்க 48 மாத அவகாசம் என்று அதில் இருக்கும். 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, புது விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம்.

ஆளைக் கவிழ்ப்பது இரண்டாம் தாள். ஒரு கண்டுபிடிப்பை விவரித்துக் கொடுத்து, அதற்கு விவரணம் எழுது, கிளெயிம் எழுது என்பார்கள். விவரணம் கண்டுபிடிப்பை விளக்குவது; கிளெயிம், அதில் எதுவரை நமக்கு உரிமை என்று எல்லை போடுவது. முதல் தடவை நான் கவிழ்ந்ததும் இதில்தான், 46 மதிப்பெண். சட்டம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும், ஆனால் என் கிளெயிமின் நடுவே ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். ஒரு கிளெயிம் என்றால் ஒரே வாக்கியம், எத்தனை வரி போனாலும் சரி. நீள வாக்கியத்தை உடைத்து எழுது என்று பள்ளியில் குட்டிக் குட்டி வளர்த்த கை, பழக்கதோஷத்தில் உடைத்துவிட்டது.

என் சீனியர் அதற்குப் பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார்: அரிவாள்மனைக்குக் கிளெயிம் எழுது. நான் எழுதினேன்: 'மரப்பலகையும், அதில் பொருத்திய வளைந்த அரிவாளும், அரிவாளின் நுனியில் தேங்காய் துருவும் பல்லும் கொண்ட கருவி.' அவர் கேட்டார், 'பலகைக்குப் பதில் இரும்புத் தகடு வைத்து ஒருத்தன் விற்றால்?' மரத்தை அடித்துவிட்டு 'அடித்தாங்கி' என்று எழுதினேன். 'துருவும் பல்லை நுனியில் வைக்காமல் பக்கத்தில் வைத்தால்?' நுனியையும் அடித்தேன். தைரியம் வந்து, பல்லையும் எடுத்துவிட்டேன். 'இப்போது உன் கிளெயிமில் பேப்பர் வெட்டும் கருவிகூட உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே உலகத்தில் இருக்கிற பொருளை யாரம்மா புதுசு என்று ஒத்துக்கொள்வார்கள்?' என்றார். குறுக்கினால் போட்டிக்காரன் நழுவுவான், விரித்தால் பழைய பொருள் உள்ளே வந்துவிடும். அன்று சாயங்காலம் ஏழு மணி வரை அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன்.

இனி உங்கள் ஆங்கிலம். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் கிளெயிம் ஆங்கிலம் மேடை ஆங்கிலம் கிடையாது. 'கம்ப்ரைசிங்' என்று எழுதினால் 'இவை இருக்கின்றன, இன்னும் சிலவும் இருக்கலாம்' என்று பொருள். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்றால் இவை மட்டும், கதவைச் சாத்தியாயிற்று. ஒவ்வொரு சொல்லும் இப்படி அளந்து வைத்தது. ஓர் உறுப்பை முதலில் சொல்லும்போது 'எ', திரும்ப வரும்போது 'தி' அல்லது 'செட்' (said, 'மேற்சொன்ன'). அழகுக்காகச் சொல்லை மாற்றினால் அது வேறு உறுப்பாகிவிடும். சரளமாகப் பேசுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். வைவாவில் பேச வேண்டியிருக்கும், உண்மைதான். பிரிவு எண்ணோடு பதில் வந்தால் போதும், உச்சரிப்புக்கு மதிப்பெண் போட்டு நான் பார்த்ததில்லை.

கோச்சிங் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் உங்கள் துறையிலேயே வழங்கப்பட்ட ஒரு பேட்டன்டை எடுங்கள், இலவசம்தான். விவரணத்தைப் படியுங்கள், கிளெயிம் பக்கத்தைப் புரட்டாமல் நீங்களே எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். கூடவே 150 சொல்லுக்குள் சுருக்கம், 15 சொல்லுக்குள் தலைப்பு. வாரம் ஒன்று போதும்.

தேர்வு வருஷா வருஷம் வராது. 2018க்கு அடுத்தது 2022ல்தான் நடந்தது. அறிவிப்பு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் வாரத்துக்கு நானே ஒன்று தருகிறேன்: உங்கள் வீட்டு குக்கரின் வெயிட். கிளெயிம் எழுதி அனுப்புங்கள், முற்றுப்புள்ளி கடைசியில் மட்டும்.