யோவான் 21:15-17: அகபாவோ, பிலேயோ வேறுபாடு

இந்தப் பகுதியில், உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர் பேதுருவிடம் 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று மூன்று முறை கேட்கிறார். கேள்வியிலும் பதிலிலும் கிரேக்கச் சொல் மாறுவதால், பேதுரு குறைந்த அன்பைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, கிரேக்கச் சொல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இயேசு முதல் இரண்டு முறை 'அகபாவோ' (அன்புகூருதல்) என்ற வினைச்சொல்லால் கேட்கிறார். மூன்றாம் முறை 'பிலேயோ' (நேசித்தல்). பேதுரு மூன்று முறையும் 'பிலேயோ' என்றே பதில் சொல்கிறார். நீங்கள் கவனித்தது சரிதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலேயே 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறேன்' என்று அது பிரிந்திருக்கிறது.

குழப்பம் பெரும்பாலும் 'அகாபே என்றால் தெய்வீக அன்பு, பிலியா என்றால் வெறும் நட்பு' என்ற பிரசங்க வாய்பாட்டிலிருந்து வருகிறது (இவை அந்த இரண்டு வினைகளின் பெயர்ச்சொற்கள்). இதைச் சோதித்துப் பாருங்கள்:

1. பிதா குமாரனிடம் அன்பாயிருக்கிறார்: யோவான் 3:35-இல் அகபாவோ, 5:20-இல் பிலேயோ. பிதாவின் அன்பு இடையில் குறைந்துவிட்டதா என்ன?

2. பவுலை விட்டுப் போன தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்ததற்கும் (2 தீமோத்தேயு 4:10) அகபாவோதான்.

அப்புறம், இதே பகுதியில் 'ஆட்டுக்குட்டிகள்', 'ஆடுகள்' என்றும் சொல் மாறுகிறது. மாற்றி எழுதுவது யோவானின் நடை.

ஆனாலும் இங்கே வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்கு, பேதுரு முன்பு இயேசுவை மூன்று முறை மறுதலித்ததற்கு மூன்று கேள்வி என்பதே மனதை அதிகம் தொடுகிறது. பேதுரு துக்கப்பட்டதற்கு வசனமே சொல்லும் காரணமும் 'மூன்றாந்தரம்' கேட்டதுதான்.