குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவருக்கு என்ன தண்டனை? கொலை வழக்கு போட முடியாதா?

இப்படி ஒரு கேள்வியைச் சும்மா தெரிந்துகொள்வதற்காக யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாரையோ இழந்திருக்கிறீர்கள், ஸ்டேஷனில் "ஆக்சிடென்ட் கேஸ்தானே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆள் மறுநாளே ஜாமீனில் வெளியே வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் வக்கீல் இல்லை. அண்ணன் வழக்குக்காக 2017-லிருந்து நீதிமன்ற வாசலில் நின்று தெரிந்துகொண்டது இவ்வளவும். சட்டம் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள். "படிக்காதவன் ஏன் எழுதுகிறாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். படித்த யாரும் அன்றைக்கு எங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

முதலில் நேரடியான பதில். கொலை வழக்கு பெரும்பாலும் நிற்காது, கொல்லும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மீதி இருப்பது இரண்டு வழி. ஒன்று, கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அதிகபட்சம் 5 ஆண்டு. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இன்னொன்று, கொலையாகாத மரணம் விளைவித்தது. பழைய சட்டத்தில் 304-இன் இரண்டாம் பாகம், இப்போது பிரிவு 105. இப்படி ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே செய்தான் என்பது இதன் அடிப்படை. 10 ஆண்டு வரை போகலாம், ஜாமீன் எளிதில் கிடைக்காது, செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்கும். குடித்து ஓட்டியதற்குத் தனியாக மோட்டார் வாகனச் சட்டம் 185 இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அண்ணன் இறந்தபோது அந்த அபராதம் 2,000 ரூபாய்தான், 2019-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆனால் 2 ஆண்டா 10 ஆண்டா என்பதை நீதிபதி முடிவு செய்வதற்கு முன்பே ஒரு விஷயம் முடிவு செய்துவிடுகிறது. விபத்து நடந்து எத்தனை மணி நேரத்தில் அந்த ஆளிடமிருந்து ரத்தம் எடுத்தார்கள் என்பதுதான் அது. எங்கள் வழக்கு அங்கேதான் போயிற்று.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். அண்ணன் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவான். அன்றைக்கும் மைனி (அண்ணன் மனைவி) போட்டுக் கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு, எக்ஸெல் வண்டியில் போனான். 4.20 இருக்கும், ஒரு கார் பின்னாலிருந்து வந்து அடித்தது. ஒரு கல்யாண வீட்டில் முந்தின ராத்திரிச் சடங்கை முடித்துவிட்டு வந்த கார். சாயாக்கடை திறக்க வந்தவர்தான் முதலில் ஓடிப் போனார். காருக்குள் பாட்டில் கிடந்ததையும், ஓட்டியவன் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் என்னிடம் அவர்தான் சொன்னார். 108-இல் அண்ணனை ஏற்றி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே, என் மடியில், எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் காரை ஓட்டியவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது, நான் நினைக்கவும் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி அவன் வீட்டார் அவனை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். போலீஸ் அங்கே போய், ரத்தம் எடுத்தபோது காலை 11.20. விபத்து நடந்து சரியாக 7 மணி நேரம். ஊதச் சொல்லும் கருவியை யாரும் கொண்டு போகவே இல்லை. ஆய்வக அறிக்கையில் வந்தது 21 மில்லிகிராம். சட்டம் சொல்லும் அளவு 30. குற்றப்பத்திரிகையில் 185 இல்லை. "குடித்திருந்தான்" என்ற வார்த்தையே இல்லை. 279 (தாறுமாறாக வண்டி ஓட்டியது), 304ஏ, அவ்வளவுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். உடம்பில் ஏறிய ஆல்கஹால், 100 மில்லி ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். ஆளைப் பொறுத்து 10-லிருந்து 20 வரை மாறும். 7 மணி நேரத்துக்கு 105. அதோடு 21-ஐக் கூட்டினால் 126. குறைந்த கணக்கான 10-ஐ வைத்துப் பார்த்தாலும் 91, சட்ட அளவுக்கு மூன்று மடங்கு. இதை ஒரு நிபுணரை வைத்து நீதிமன்றத்தில் சொல்ல வைத்திருக்கலாம். எனக்கு இந்தக் கணக்கு தெரிய வந்தபோது சாட்சி விசாரணை முடிந்துவிட்டது.

இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் கார் ஏறிச் செத்தார்கள். கீழ்க்கோர்ட் கொடுத்தது 304ஏ-யில் 6 மாதம். உயர் நீதிமன்றம் அதை 304 இரண்டாம் பாகத்துக்கு மாற்றி 3 ஆண்டு கொடுத்தது, 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1999-இல் டெல்லியில் பி.எம்.டபிள்யூ கார் அடித்து 6 பேர் இறந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 304 இரண்டாம் பாகம் என்றுதான் சொன்னது. ஆனால் ஏற்கனவே உள்ளே இருந்த 2 ஆண்டு போதும் என்று விட்டுவிட்டது, 50 லட்சம் கட்டச் சொன்னது, சமூக சேவை செய்யச் சொன்னது. அந்தத் தண்டனை போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. இரண்டு வழக்கிலும் ரத்தத்தில் 110-க்கு மேல் இருந்தது என்று காகிதத்தில் இருந்தது. எங்களிடம் அந்தக் காகிதம் இல்லை. 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் அடித்து இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, ரத்த மாதிரியையே மாற்றியதாக டாக்டர்கள் கைதானார்களே, அது ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த ரத்தம்தான் வழக்கே.

"போதையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று எதிர்த்தரப்பில் சொல்வார்கள். தானே விரும்பிக் குடித்தவனுக்கு, தெளிவாக இருப்பவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய சட்டத்தில் 86, புதியதில் 24. இதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

அப்புறம் சமரசம் பேச வந்தார்கள். பதினாறாம் நாள் கழியவில்லை, ஊரில் மதிப்பானவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். "மக்களே, போனவன் திரும்பி வரப்போறானா? பிள்ளைய படிக்க வைக்கணும்லா?" என்றார்கள். மைனி எழுந்து உள்ளே போய்விட்டார். இது சமரசமாக முடிக்கக்கூடிய குற்றமே இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கு வாபஸ் ஆகாது, சாட்சிகள்தான் மாறுவார்கள். சாயாக்கடைக்காரர் கூண்டில் ஏறி, தான் வாசனை எதையும் கவனிக்கவில்லை, பாட்டில் எதையும் பார்க்கவில்லை என்றார். அவர் கடை இருக்கும் கட்டடம் கார் ஓட்டியவனின் உறவுக்காரர்களுடையது. அவரை நான் திட்ட மாட்டேன். அன்று இருட்டில் அண்ணன் தலையைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கைதான்.

"நஷ்டஈடு வாங்கிட்டீங்கல்லா, பிறகு எதுக்கு கேஸு" என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டவர்கள் உண்டு. இதைப் படிப்பவர்களிலும் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். விபத்து நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி தருவது வேறு, குற்ற வழக்கு வேறு. ஒன்றை வாங்குவதால் இன்னொன்றை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. அதில் எங்களுக்கு நேர்ந்த வேதனை ஒன்று உண்டு. "அங்கே போய் குடிச்சிருந்தான், குடிச்சிருந்தான்னு சொல்லாதீங்க, இன்சூரன்ஸ்காரன் அதைப் பிடிச்சிட்டு இழுத்தடிப்பான்" என்று எங்கள் வக்கீலே சொன்னார். குடித்து ஓட்டியிருந்தாலும் முதலில் கம்பெனியைக் கட்டச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்ல வழி இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு கட்டடத்தில் அவன் குடித்திருந்தான் என்று கத்தவும், இன்னொரு கட்டடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டியிருந்தது. ஹெல்மெட் போடவில்லை என்று தொகையிலும் பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் ஹெட்லைட் கட்டியவன் ஹெல்மெட்டை எங்கே போடுவான்? பால்வெட்டுக்காரர்களை விடிகாலையில் நிறுத்தி அபராதம் எழுதுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு பாரிலிருந்து கார் எடுப்பவர்களை எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்?

சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். எங்கள் மாவட்டத்து மலையை உடைத்துக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு வரிசையாகப் போகின்றன. விழிஞ்ஞம் துறைமுக வேலை தொடங்கிய பிறகு இன்னும் அதிகம். சாலை சல்லடையாகிவிட்டது. ராத்திரி அந்த லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பைக்காரன் மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது. அண்ணனும் அன்று ஓரமாகத்தான் போயிருக்கிறான். எத்தனையோ போராட்டம் நடந்தது, லாரி நிற்கவில்லை.

மதுக்கடை விஷயமும் அப்படித்தான். உண்ணாமலைக்கடையில் கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31-இல் அந்தப் போராட்டத்திலேயே உயிரை விட்டார். சேலத்துக்காரர், எங்கள் மாவட்டத்துக்கு வந்து செத்தார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு பல கடைகள் ஊருக்குள்ளே, ரப்பர் தோட்டத்து வழிகளுக்கு வந்தன.

சரி, எங்கள் வழக்கு. 2022-இல் தீர்ப்பு வந்தது, 6 மாதம் சிறை, 10,000 அபராதம். அன்றைக்கே அபராதம் கட்டி, தண்டனையை நிறுத்திவைத்து, மேல்முறையீடு போட்டுவிட்டான். ஒரு நாள் கூட உள்ளே இருந்ததில்லை. தண்டனை போதாது என்று எங்களால் மேல்முறையீடு செய்ய முடியாது, அது அரசுதான் செய்ய வேண்டும். விடுதலை செய்தாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு குறைவாக இருந்தாலோதான் பாதிக்கப்பட்டவர் போகலாம். குற்றப்பத்திரிகையிலேயே பெரிய பிரிவு இல்லாததால் அந்த வழியும் எங்களுக்கு அடைந்துவிட்டது. ஐந்தாண்டு விசாரணையில் இதை ஒருவரும் முதலிலேயே சொல்லவில்லையே என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. அழுது முடித்துவிட்டுச் செய்யலாம் என்று இருக்காதீர்கள். வீட்டில் அழாமல் இருக்கும் ஒருவரை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். கைது செய்த 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 202-லேயே இருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டது என்றால், எப்போது எடுத்தார்கள் என்ற நேரத்தோடு அறிக்கையைக் கேளுங்கள், பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு தடயவியல் நிபுணரைச் சாட்சியாகச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கல்யாண வீடு, பார் எதுவானாலும் அங்கே கேமரா இருக்கும், பதிவு அழிவதற்குள் எடுக்கச் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன்பே பிரிவு 105 சேர்க்க மனு கொடுங்கள். அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கும்.

எஃப்.ஐ.ஆர் நகல் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். இன்றே வாங்கி, அதில் 106 மட்டும் இருக்கிறதா, 105-உம் 185-உம் இருக்கிறதா என்று பாருங்கள்.