32 பெரிதா, 64 பெரிதா? சர்வர் ஒப்பீடு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பழைய பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) பட்டியலில் எச்பி சூப்பர்டோம் சர்வர் 64 செயலிகளுடன் 10,08,144 டிபிஎம்சி (ஒரு நிமிடத்தில் முடிந்த ஆர்டர்களின் எண்ணிக்கை), ஐபிஎம் பி690 வெறும் 32 செயலிகளுடன் 10,25,486 டிபிஎம்சி என்று இருக்கிறது. அப்படியானால் ஐபிஎம் செயலி இரண்டு மடங்கு வேகமா?

அவசரப்பட வேண்டாம். முதலாவது 2003 நவம்பரில் வந்தது, இரண்டாவது 2004 பிப்ரவரியில். எச்பியின் இடனியம் 2 செயலியில் ஆரக்கிள் 10ஜி தரவுத்தளம் ஓடியது. ஐபிஎம்மின் பவர்4+ செயலியில் ஓடியது டிபி2 தரவுத்தளம். இந்த வித்தியாசத்தில் வன்பொருளின் பங்கு எவ்வளவு, தரவுத்தளத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது.

'செயலி' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. பவர்4 குடும்பத்தில் ஒரு சில்லுக்குள் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் இரண்டு பகுதிகள். ஐபிஎம் சொன்ன 32 என்பது கோர் கணக்கு, சில்லுகள் 16தான். அன்றைய இடனியம் 2 சில்லில் ஒரே கோர். சில்லுக்குச் சில்லு பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது, கோருக்குக் கோர் பார்த்தால் இரண்டு மடங்கு. எதை வைத்து வகுத்தார்கள் என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் ஏற்காதீர்கள்.

எனக்குக் கூடுதலாகப் பயன்பட்டது விலை வரிசை. எச்பிக்கு ஒரு டிபிஎம்சிக்கு 8.33 டாலர், ஐபிஎம்முக்கு 5.43 டாலர். மொத்தமாகப் பெருக்கினால் ஒன்று சுமார் 84 லட்சம் டாலர், மற்றது சுமார் 56 லட்சம் டாலர். மூன்று ஆண்டுப் பராமரிப்பும் இதில் அடக்கம்.

கேள்வி: நான் கணினிப் பொறியியல் மாணவி. டிபிஎம்சி என்பது உண்மையில் எதை எண்ணுகிறது?

ஒரு நிமிடத்தில் முடிந்த 'புதிய ஆர்டர்'களை மட்டும். 1992இல் வந்த டிபிசி-சி சோதனை ஒரு மொத்த வியாபார நிறுவனத்தைப் பாவனை செய்கிறது. புதிய ஆர்டர், பணம் செலுத்துதல், ஆர்டர் நிலை, விநியோகம், இருப்பு நிலை என ஐந்து வகைப் பரிவர்த்தனைகள். ஐந்தும் கலந்து ஓட வேண்டும், ஆனால் எண்ணிக்கையில் சேர்வது முதல் வகை மட்டுமே.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், அந்தப் பாவனை நிறுவனத்தின் ஒரு கிடங்குக்கு 10 முனையங்கள் (பயனர் தட்டச்சு செய்யும் திரைகள்) தான், ஒரு கிடங்கிலிருந்து அதிகபட்சம் 12.86 டிபிஎம்சிதான் வரும். பாவனைப் பயனர் ஒவ்வொரு புதிய ஆர்டருக்கும் 18 விநாடி தட்டச்சு செய்ய வேண்டும், பிறகு சராசரியாக 12 விநாடி யோசிக்க வேண்டும். ஆகவே பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 80,000 கிடங்குகள், 8 லட்சம் முனையங்கள் தேவை. தரவும் அதே அளவில் வீங்கும். அந்தக் காலத்துச் சாதனை எண்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் நின்றது இதனால்தான். செயலியை அளப்பதாக நினைத்துக்கொண்டு நாம் பல நேரம் டிஸ்க் அலமாரியையும் சேர்த்தே அளக்கிறோம்.

கேள்வி: செயலி வேகத்தை அளக்கும் ஸ்பெக் அமைப்பின் இன்ட் ரேட் எண்ணை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. அது ஒரே நிரலின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறது. அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை, ஒருவர் மாற்றும் தரவை மற்றவர் தொடாமல் காக்கும் ஒரே பூட்டுக்காகக் காத்திருப்பதில்லை. தரவுத்தளத்தின் தலைவலியே அந்தக் காத்திருப்புதான்.

கேள்வி: செயலிகளை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிக்குமா?

பாதித் தூரம் கூட வராமல் போகலாம். வேலையில் 5 சதவீதம் ஒருவர்பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடியது என்றால், ஆம்தால் விதிப்படி 32 செயலிகள் சுமார் 12.5 மடங்கு தரும், 64 செயலிகள் சுமார் 15.4 மடங்குதான் தரும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த இடத்தில், பெஞ்ச்மார்க் எண்ணை நம்பி 16 செயலி சர்வர் ஒன்றை வாங்கினார்கள். பகலில் பறந்தது. இரவில் நாள் முடிவுக் கணக்கு ஓடும்போது ஒரு செயலி நூறு சதவீதத்தில் திணறியது, மற்ற பதினைந்தும் சும்மா இருந்தன. விடிந்து அலுவலகம் திறந்தும் கணக்கு முடியவில்லை. வாங்கும்போது அந்த இரவு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

கேள்வி: நிறுவனங்கள் ஏமாற்றுகின்றனவா?

தணிக்கை இருப்பதால் பொய் எண் போடுவது கடினம். ஆனால் சோதனைக்கென்றே வளைப்பது உண்டு. ஸ்பெக் 89இல் மேட்ரிக்ஸ்300 என்ற நிரலைக் கம்பைலர்கள் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்) தனியாகக் கவனித்து எண்ணை ஏற்றின, 1992 பதிப்பில் அது நீக்கப்பட்டது. 2024இல், ஒரு நிரலுக்கென்றே செய்த கம்பைலர் உத்திக்காக இன்டெல் செயலிகளின் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஸ்பெக் செல்லாதவையாக்கியது.

விளம்பரமும் ஒரு களம். 2009இல், தணிக்கை முடிந்து வெளியாவதற்கு முன்பே ஒரு முடிவை முன்வைத்து விளம்பரம் செய்ததற்காக ஆரக்கிளுக்கு, டிபிசி-சி சோதனையை நடத்தும் டிபிசி அமைப்பு 10,000 டாலர் அபராதம் விதித்தது. பிறகு வந்த முடிவு 76,46,486 டிபிஎம்சி, உண்மையான சாதனைதான். ஆனால் அது சன் நிறுவனத்தின் 12 சர்வர்களின் தொகுப்பு, 384 கோர்கள். ஐபிஎம் பவர் 595 அதற்கு முந்தைய ஆண்டில் 60,85,166ஐ 64 கோர்கள் கொண்ட ஒரே சர்வரில் தொட்டிருந்தது.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு நிறுவனங்கள் விலைப்புள்ளி கொடுத்திருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

இருவரிடமும் சோதனைச் சர்வர் கேளுங்கள். இரண்டிலும் அதே தரவுத்தளப் பதிப்பு, அதே நினைவக அளவு, உங்கள் சொந்தத் தரவின் நகல். மாதக் கடைசி நாளின் வேலையை அப்படியே ஓட்டுங்கள். கூடவே உரிமக் கட்டணத்தைக் கோர் கணக்கில் எழுதி வாங்குங்கள். ஆரக்கிள் உரிமத்தில் பவர் கோர் ஒன்று முழுதாக எண்ணப்படும், இன்டெல் கோர் பாதியாக எண்ணப்படும். ஒரு கோருக்கு இரண்டு மடங்கு வேகம் என்ற பெருமை அந்த ஒரு வரியிலேயே கரைந்துவிடக்கூடும்.